ஜவ்வாது மலைக்கு ரயில் விட்டவள்

இன்று காலை அறைக் கதவைத் திறந்ததும் பலாப்பழ வாசனை மூக்கில் வந்து மோதியது. வெள்ளையன் அண்ணன் இந்த வருடமும் வேலையைக் காட்டிவிட்டார். மேசைக்கு அடியில் இரண்டு, அலமாரி ஓரத்தில் ஒன்று, நீ உட்காரும் நாற்காலியில் ஒன்று. நாற்காலியில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுச் சாய்ந்திருக்கும் மேனேஜர் மாதிரி சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"நாற்காலி மேல ஏண்ணா வச்சீங்க?" என்று கேட்டேன்.

"அது சும்மாதானே கீது சாரு," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடு அவிழ்த்துக்கொண்டுவிட்டது என்பதுபோல் ஏதோ முணுமுணுத்தபடி வெளியே போய்விட்டார். அவரிடம் மாடு கிடையாது என்பது உனக்கும் தெரியும்.

பழத்தைத் தூக்கித் தரையில் வைத்தேன். காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபடி தூக்கி அங்கேயே வைத்துவிட்டேன். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இந்த அறையைக் கண்டுபிடித்தது நீ. பெருந்தொற்றுக் காலத்தில் கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுப்பியது. பெங்களூரை விட்டு நான் திருப்பத்தூருக்கும் நீ சந்தவாசலுக்கும் வந்து சேர்ந்தோம். என் வீட்டில் அப்பா டிவியை ஊருக்கே கேட்கும்படி வைப்பார். உன் வீட்டுக்கு ஒட்டினாற்போல் நெல் அரைக்கும் மில். மீட்டிங்கில் நீ பேச ஆரம்பித்தால் டெல்லி ஆபீஸ்காரர்கள், ஹெலிகாப்டரில் இருந்தா பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒருநாள் நீ பொறுக்க முடியாமல், "ஆமாங்க, இப்பத்தான் ஏறினேன்" என்று சொல்லிவிட்டாய். அவர்கள் நம்பியும்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்தாய். "டேய், காவலூர்ல நெட் சூப்பரா கீதாம்டா. உனக்கும் எனக்கும் நடுவுல. ஒரு ரூம் பாத்துட்டேன். நாளைக்குக் கெளம்பி வா."

நான் ஆலங்காயம் வழியாக பஸ்ஸில் ஏறி வந்தேன். நீ போளூர் சுற்றி, ஜமுனாமரத்தூர் ஏறி, ஸ்கூட்டியில் வந்தாய். அறை என்று நீ சொன்னது வெள்ளையன் அண்ணன் புளியும் பலாப்பழமும் போட்டு வைக்கும் கிடங்கு. பாதிப் புளி அப்போதும் உள்ளேயே இருந்தது. சூப்பரான நெட் அறைக்கு வெளியே, வேலி ஓரத்தில், ஒரு குறிப்பிட்ட கல்லின்மேல் ஏறி நின்றால் மட்டும் வந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ கல்லைப் பார்த்தாய். "கல்லு நல்ல கல்லுடா," என்றாய். கேபிள்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே இணைப்பு வாங்கும்வரை நம் அலுவலகம் அந்தக் கல்தான். முக்கியமான மீட்டிங் என்றால் நீ மேலே நிற்பாய், நான் கீழே குடை பிடிப்பேன்.

நாம் என்ன வேலை செய்ய வந்தோம் என்று வெள்ளையன் அண்ணன் முதல் நாளே கேட்டார். காவலூருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் வானாய்வுக்கூடத்துக்குத்தான் வருவார்கள் என்பது அவர் கணக்கு.

"நட்சத்திரம் பாக்கவா வந்துகீறீங்க?"

"இல்லீங்கண்ணா. நாங்க பிளாட்பாரம் கட்றோம்," என்றாய் நீ.

அவர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். "ஏம்மா, இங்கதான் ரயிலே இல்லியே?"

நீ அப்போதே விளக்கியிருக்கலாம். ஸ்கூட்டியில் மலை ஏறி வந்த களைப்பு உனக்கு. "வரும்ண்ணா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய். அந்த ஒரு சொல் மலையை எப்படிச் சுற்றி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் கட்ட வந்தது வேறு பிளாட்பாரம். நம் கம்பெனியில் அப்போது குழுவுக்கு ஒரு மதம். மென்பொருளை எழுதி முடித்ததும் அதை வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரும்படி வெளியே அனுப்ப வேண்டும் அல்லவா, அதை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. ஒரு குழு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரே ஒரு ஆளுக்கு மெயில் அனுப்பும். அந்த ஆள் கல்யாணத்துக்குப் போனால் கம்பெனியும் கல்யாணத்துக்குப் போன மாதிரி. இன்னொரு குழுவிடம் ஒரு பழைய நிரல் இருந்தது. எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. ஓட்டுவார்கள், கும்பிடுவார்கள், அவ்வளவுதான். ஏதாவது உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழியும் கிடையாது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரே வழி, ஒரு பொத்தானை அழுத்தினால் வெளியே போகும், இன்னொன்றை அழுத்தினால் பழையபடி திரும்பும் என்று ஒன்றைக் கட்டலாம் என்றாய். மேலதிகாரி யோசித்தார். செலவு இல்லை, ஆளும் நாம் இருவர் மட்டும் என்றதும், "ட்ரை இட்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். நமக்கு அது போதும் என்றாய்.

கட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. கட்டியதை அடுத்தவரைப் பயன்படுத்த வைப்பதுதான் பேஜார். ஒரு குழுவும் வரவில்லை. எல்லாரும் கட்டாயம் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு உத்தரவு வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். நீ கல்லின்மேல் இருந்தபடியே திரும்பினாய். "உத்தரவு போட்டா வருவாங்கடா. வந்து உக்காந்துகினு, எப்படா எழுந்து போலாம்னு பாத்துகினே இருப்பாங்க. நீ வந்த பத்தாவது நிமிஷத்துல இருந்து என்னாண்ட எப்ப கெளம்பலாம்னு கேக்கறல்ல, அந்த மாதிரி."

அப்புறம் குமரேசன் விவகாரம். பணப் பரிவர்த்தனைக் குழுவின் தலைவர், ஓசூர் பக்கத்துக்காரர், நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குழு வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். அவரோ மாட்டேன் என்றார். காரணமும் சொல்லவில்லை. நீ போன் மேல் போன் போட்டு, குடும்பம், பிள்ளை படிப்பு, முட்டி வலி எல்லாம் விசாரித்து, கடைசியில் காரணத்தை வரவழைத்தாய்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எங்க டீம்ல ராகு காலத்துல எதையும் வெளிய அனுப்பறதில்ல. ஒரு தடவ அனுப்பிட்டு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். உங்க பொத்தான் எந்நேரமும் தொறந்தே இருக்குது. புதுப் பசங்க எவனாவது அழுத்திட்டா?"

நான் சிரித்தேன். பொறியாளர்கள் பேசுகிற பேச்சா இது என்றேன். அவருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக, ராகு காலத்தில் அனுப்பிய எத்தனையோ வெளியீடுகள் நன்றாக ஓடியதைத் தேடி எடுக்கவும் உட்கார்ந்தேன். நீ என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளையன் அண்ணன் வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பாட்டுக் குழுவில் பாடுகிற நீ, கழுத்தில் சிலுவையோடு, காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் கிழமைவாரியாக நிரலில் ஏற்றிய காட்சியை நான் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"உங்க கோயில் ஃபாதர் பார்த்தா என்ன சொல்வார்?" என்றேன்.

"இன்னா சொல்வாரு? குமரேசன் சாருக்கு வேண்டியது, 'இந்த நேரத்துல கதவச் சாத்தி வை' அவ்ளோதான். எதுக்குன்னு கேக்கறது நம்ம வேல இல்ல. கதவுக்குத் தாப்பா போட்டுக் குடுக்கறதுதான் நம்ம வேல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குளிகையும் போடணுமாடா?" என்றாய்.

அந்தத் தாழ்ப்பாளுக்கு 'ராகு' என்றே பெயர் வைத்தாய். அதைப் பார்த்துவிட்டுக் குமரேசன், "நெஜமாவே போட்டுட்டீங்களா மேடம்?" என்றார். அடுத்த வாரம் ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் நம் வழியில் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். கட்டை விரலை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறவர் மாதிரி.

இதற்கிடையில் ரயில் வந்துகொண்டிருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. நீ சொன்ன "வரும்ண்ணா"வை வெள்ளையன் அண்ணன் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். டீக்கடையில் இருந்து அது சந்தைக்குப் போய், சந்தையில் இருந்து ஜமுனாமரத்தூருக்குப் போய், அங்கே இரண்டு நடைமேடை என்று வளர்ந்து, ஆலங்காயத்துக்கு இறங்கும்போது சுரங்கப்பாதை வரைக்கும் வந்துவிட்டது. திருப்பத்தூரில் இருந்து காரில் ஒரு நிலத் தரகர் வந்து வேலி ஓரமெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நம் கல்லையும் எடுத்தார்.

கம்பெனியின் பெரிய தலைகளுக்கு நம் பிளாட்பாரத்தைச் செய்து காட்ட வேண்டிய நாளும் வந்தது. மேலதிகாரிக்கு நாம் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்து, வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம் என்று அழைத்திருந்தார். நீ இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தாய். திரையில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். ஓரத்தில் குமரேசன். நீ ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசியிருப்பாய், கதவு திறந்தது.

வெள்ளையன் அண்ணன் முன்னால். அவருக்குப் பின்னால் ஊரில் பாதி.

"ஏம்மா, ரயிலு எந்தப் பக்கமா வருதுன்னு இப்பச் சொல்லிடு. புளியமரத்தை வெட்டிடுவாங்கன்றாங்க. அத நம்பித்தானே நாங்க கீறோம்."

"வெட்டினா வெட்டட்டும், நெலத்துக்கு நல்ல வெல வருமாம்," என்றார் பின்னால் ஒருவர்.

"வெல வந்து இன்னா பண்ணுவ? ரயில்ல குந்திகினு சுத்துவியா?" என்று ஒரு அம்மாள் அவரை அதட்டினார்.

மைக்கை அணைக்க நான் பாய்ந்தேன். இடையில் நாலு பேர் நின்றார்கள், ஒருவர் தோளில் சாமை மூட்டை. என்னால் மேசைக்குப் போய்ச் சேர முடியவில்லை. நீ திரையைப் பார்த்தாய், ஊரைப் பார்த்தாய். ஊர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"ரயில் வராதுங்கண்ணா. உங்க மரத்த யாரும் தொட மாட்டாங்க. அன்னிக்கு அலுப்புல சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்க. நாங்க கட்றது வேற. உங்க சாமைய கீழ சந்தைக்கு இறக்கறீங்கல்ல? ஆளாளுக்கு ஒரு காட்டுல புகுந்து ஒரு வழியில இறங்கினா இன்னா ஆவும்? ஒருத்தர் விழுவாரு, ஒருத்தர் வழி தப்புவாரு. மழ வந்தா ஒருத்தரும் இறங்க முடியாது. எல்லாருக்கும் ஒரே ரோடு போட்டா? மூட்டை உங்களுது, வண்டி உங்களுது, எப்ப கெளம்பறதுன்றதும் உங்க இஷ்டம். ரோடு மட்டும் பொது. வேற வழியாத்தான் போவேன்னா போங்க, யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா நம்ம ரோடு நல்லா இருந்தா நீங்களே இங்க வந்துடுவீங்கல்ல? அந்த மாதிரி ஒண்ணு."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. வெள்ளையன் அண்ணன் தலையாட்டினார்.

"அப்ப ரயில் வராது."

"வராதுங்கண்ணா."

"ரோடு வரும்."

"அதுவும் வராதுங்கண்ணா. அது கம்ப்யூட்டருக்குள்ள."

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அப்ப எதுக்கும்மா இவ்ளோ நேரம் பேசின?"

திரையில் மேலதிகாரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அங்கே என்ன நடக்கிறது, யார் இவர்கள் எல்லாம் என்று கேட்டார். திரையில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் குமரேசன். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் பழுத்துப் போயிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "லோக்கல் ஸ்டேக்ஹோல்டர்ஸ் சார். ரோட்மேப் பற்றிக் கேட்கிறார்கள்."

மேலதிகாரி அசந்துபோனார். அடித்தள மக்களோடு இப்படி ஒரு ஈடுபாட்டைத் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். நம் திட்டம் தொடரலாம் என்றார்.

கூட்டம் முடிந்ததும் குமரேசன் உன்னைக் கூப்பிட்டார். "மேடம், நீங்க அவங்களுக்குச் சொன்னத எனக்கு ஏன் இத்தன நாள் சொல்லல? என்கிட்ட கட்டம் கட்டமா படம் போட்டுல்ல காட்டினீங்க?" அந்த மாதமே அவர் குழு முழுவதும் வந்தது. பின்னாலேயே மற்றவர்களும். பிளாட்பாரத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரயிலடி என்றாய்.

நன்றாகத்தான் போனது. பிறகு நம் மேலதிகாரி மாறினார். புதிதாக வந்தவர், எல்லாம் அடங்கிய ஒரு மென்பொருளை வெளியில் இருந்து விலைக்கு வாங்கிவிட்டார். ரயிலடியை மூடச் சொல்லி ஒரு மெயில் வந்தது. அடியில் நம் உழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி. அதில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நீ சாப்பிட்டாய், என் பங்கையும் சேர்த்து. கை கழுவிவிட்டு வந்து, "அவங்களுக்கு வேணாம்ல? அப்ப நம்மளாண்ட குடுக்கச் சொல்லு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும், பிரிச்சுப் பாக்கட்டும், மாத்தட்டும்னு பொதுவுல போட்டுடலாம்," என்றாய். கொடுப்பார்களா என்றேன். "தூக்கிப் போடறதக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

கொடுத்தார்கள். சட்டப் பிரிவில் கோப்பு அசையாமல் கிடந்தபோது குமரேசன் தினமும் அங்கே போய் நின்றாராம். அவர் வருவதைப் பார்த்தாலே கையெழுத்துப் போட்டுவிடலாம் போல இருக்கிறது என்று அவர்கள் கடைசியில் போட்டுவிட்டார்கள்.

நாம் வேறு வேலைக்கு மாற்றப்பட்டோம். சனிக்கிழமை தோறும் மலைக்கு வந்து ரயிலடியைப் பார்த்துக்கொண்டோம். முதலில் யாரும் சீண்டவில்லை. திடீரென்று எங்கோ பனி பெய்கிற நாட்டில் இருந்து ஒரு குழு எடுத்துப் பயன்படுத்தியது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம்; வார விடுமுறை கெட்டுவிடுமாம். நம் தாழ்ப்பாள் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவர்கள் அனுப்பிய கடிதத்தின் கடைசி வரி: 'இதை உருவாக்கிய திரு. ராகுவுக்கு எங்கள் நன்றியைத் தெரிவிக்கவும்.'

நீ சிரித்த சிரிப்பில் வெள்ளையன் அண்ணன் ஓடி வந்துவிட்டார். அவர்களுக்கு என்ன பதில் போடலாம் என்று கேட்டேன். "தெரிவிச்சிட்டோம்னு போடு. ரொம்ப சந்தோஷப்பட்டாருன்னு போடு."

அதைவிட ஒன்று நடந்தது. கம்பெனி விலைக்கு வாங்கிய மென்பொருள் சரியாக ஓடவில்லை. குமரேசன் யாரிடமும் சொல்லாமல், பொதுவில் கிடந்த ரயிலடியை எடுத்துத் தன் குழுவுக்கு நிறுவிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொரு குழு. ஒருநாள் நம் கம்பெனியிலிருந்தே நமக்கு ஒரு மெயில்: உங்கள் மென்பொருளை நாங்கள் விரும்பிப் பயன்படுத்துகிறோம், இதை உருவாக்கியவர்களிடம் பேச முடியுமா? நீ சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிக மரியாதையாகப் பதில் எழுதினாய். 'தங்கள் நிறுவனத்தைப் பற்றி அறிந்ததில் மிக்க மகிழ்ச்சி.' அவர்களிடம்தான் நீ சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாய்.

அந்த வருட மழைக்காலத்துக்கு முன்பு உனக்கு உடம்பு முடியாமல் போனது. முதலில் வயிற்று வலி என்றாய். அப்புறம் வேலூரில் ஆஸ்பத்திரி, அப்புறம் அந்த நோயின் பெயர். நான் வந்து பார்த்தபோது கையில் ஊசிக் குழாயோடு, மாத்திரை எப்போது எது என்று உன் அண்ணனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "இங்க எல்லாம் ஒழுங்காத்தான்டா வச்சிகீறாங்க. டோக்கன் சிஸ்டம் நல்லா கீது. பழையபடி திரும்பற பொத்தான்தான் இல்ல," என்றாய். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். "சிரிடா. கஷ்டப்பட்டு யோசிச்சு வச்சேன்," என்றாய். சிரித்தேன்.

சந்தவாசலில் உன்னை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று, மலையில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கோயிலுக்குள் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், மற்றவர்கள் உட்காரும்போது எழுந்தும், எழுந்தபோது உட்கார்ந்தும் ஒரு மணி நேரம் திண்டாடினார்கள். வெளியே வந்ததும் உன் சித்தப்பா வெள்ளையன் அண்ணனிடம், நீங்கள் எந்த வகையில் பழக்கம் என்று விசாரித்தார்.

"இந்தப் பொண்ணுதாங்க எங்க மலைக்கு ரயில் வுட்டுச்சு," என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உன் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நீ ரயில்வேயில் வேலை பார்த்ததாகத்தான் இன்றைக்கும் நம்புகிறார்கள்.

போன மாதம் நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். ரயிலடிக்குள் புகுந்து எதையும் மாற்றும் உரிமை, நாம் சாவி என்று சொல்வோமே, அது நம்மோடு சேர்த்து ஏழெட்டுப் பேரிடம் இருக்கிறது. ரொம்ப நாள் எட்டிப் பார்க்காதவர்களின் சாவியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நீ ஒரு விதி எழுதியிருந்தாய். அதைத் தானாகப் பார்த்துக்கொள்ள ஒரு நிரலும், அனுப்ப வேண்டிய கடிதமும் நீயே எழுதி வைத்திருக்கிறாய். எனக்கு மறந்தே போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கடிதம் கிளம்பியது. உனக்கு. நகல் எங்கள் எல்லாருக்கும்.

'ரொம்ப நாளா இந்தப் பக்கம் காணோமே, நல்லா கீறீங்களா? வேல ஜாஸ்தியா? பரவால்ல. உங்க சாவிய நாங்க பத்திரமா வாங்கி வச்சிக்கிறோம். எப்ப வந்தாலும் திருப்பிக் குடுத்துடுவோம். இவங்க பேர்ல வேற யாராச்சும் பூந்திருந்தா, மரியாதையா வந்த வழியே போய்டுங்க.' கீழே அதே விஷயம் ஆங்கிலத்தில், கொஞ்சம் நாகரிகமாக.

குமரேசன் போன் செய்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "சார், மேடம் சாவிய எடுக்காதீங்க சார். அப்படியே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?" பனி நாட்டுக்காரர்களும் அதையே எழுதியிருந்தார்கள். நிரல் என் அனுமதிக்காகக் காத்திருந்தது. எடு, வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள்.

இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். யாரும் பயன்படுத்தாத சாவியை ஒருவன் திருடினால் ஊர் உலகத்தில் எத்தனை குழுக்கள் மாட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் நீ அந்த விதியை எழுதினாய். உனக்காக அதை வளைத்தால் நீ என்னை என்ன சொல்லித் திட்டுவாய் என்பதும் தெரியும். எழுத்தில் போட முடியாத திட்டு. மூன்றாம் நாள் 'எடு' என்பதை அழுத்தினேன். 'முடிந்தது' என்று திரையில் வந்தது. வெளியே போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நீ ஒரு கூட்டம் நடத்துவாயே, ரயிலடியைப் பயன்படுத்துகிற யாரும் வந்து குறை சொல்லலாம் என்று, அது நீ படுத்ததோடு நின்று போயிருந்தது. அதில் நான் மைக்கை அணைத்துவிட்டுக் குறிப்பு எடுக்கிற ஆள். வாயைத் திறந்ததே இல்லை. சாவியை எடுத்த அடுத்த செவ்வாய், மறுபடி நடத்துகிறேன் என்று எல்லாருக்கும் எழுதிவிட்டேன்.

சிறு சிறு கட்டங்களில் முகங்கள் வந்து நிறைந்தன. எல்லாரும் நான் பேச வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் மைக்கைத் திறந்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே, 'என்ன' என்பதற்கு நம் பக்கத்தில் சொல்கிற சொல்லை நாக்கில் இருந்து தேய்த்துக் கழுவிவிட்டவன் நான். திருப்பத்தூர்க்காரன் என்று தெரிந்துவிடக் கூடாது என்று அப்படி ஒரு ஜாக்கிரதை. நீயோ பெங்களூரில் எந்தத் தமிழரிடம் பேசினாலும் அதை விட்டதில்லை.

"சொல்லுங்க குமரேசன்," என்றேன். "இன்னா பிரச்சினை?"

அவர் கேமராவுக்குக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "சார், பேசினது நீங்களா?" என்றார்.

"நான்தான்."

"சரி, அப்ப நல்லா கேட்டுக்குங்க சார். இந்த லாகின் பக்கம் இருக்குதே, அத எந்தப் புண்ணியவான் இப்படி மாத்தினான்?" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பனி நாட்டில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. குறிப்பு எடுக்க ஆள் இல்லாததால் நானே எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கு மைக்கை நான் அணைக்கவே இல்லை.